மாத்திரையா, படுக்கை நேர மாற்றமா, பகல் தூக்கமா? மலையகத்து முதியவர்களின் இரவுகளைப் பற்றிய ஓர் ஒப்பீடு

அம்மா இரவு இரண்டரை மணிக்கே விழித்துவிடுகிறார், விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறார். டவுன் பாமசியில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா, இல்லை பகலில் தூங்கட்டும் என்று விட்டுவிடலாமா? வயதான பெற்றோரை வைத்துப் பார்க்கும் இலங்கை மலையகப் பிள்ளைகளிடமிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற என் தாயாரின் இரவுகளை ஆறு ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கீழே வரும் வழிகள் ஒவ்வொன்றையும் அவருக்காக நாங்கள் முயன்றிருக்கிறோம். அவற்றில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்ததன் விலையையும் அவரே கொடுத்தார். ஆகவே இதை அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறைகிறது, இடையில் விழிப்பது கூடுகிறது, உடலின் உள்கடிகாரம் முன்னுக்கு நகர்ந்து மாலையிலேயே கண்ணைச் சொக்க வைக்கிறது. இவை நோயல்ல. அதேவேளை, வயதானவர்களுக்குத் தூக்கம் அவ்வளவாகத் தேவையில்லை என்று நம்மிடையே நிலவும் எண்ணமும் சரியல்ல. அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை 65 வயதைக் கடந்தவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்கிறது. 18 முதல் 64 வயதுவரையானோருக்கு அது 7 முதல் 9 மணி நேரம். வேறுபாடு அவ்வளவுதான். லண்டன் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், 50, 60, 70 ஆகிய வயதுகளில் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களிடம் மறதிநோய் சுமார் 30 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. இது ஒரு தொடர்பு மட்டுமே. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்பதற்கான சான்றாகாது. மறதிநோய் குறித்த லான்செட் ஆணைக்குழு 2024இல் தந்த 14 ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் தூக்கக் குறைவு இடம்பெறவும் இல்லை. எனவே, தூங்காவிட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று வயதானவரைப் பயமுறுத்துகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். அந்தப் பயமே அடுத்த இரவின் தூக்கத்தைக் கெடுக்கும்.

மலைப்பகுதிக்கு இன்னொரு தனிக் கணக்கு உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்கு மேல். மார்கழி, தை மாதங்களில் ஆறரைக்கு இருட்டிவிட்டால் குளிர் காம்பராவுக்குள் (அறைக்குள்) இறங்கிவிடும். வேலை ஓய்ந்த ஒரு முதியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏழரைக்கே படுத்துவிடுவார். ஏழரைக்குத் தூங்கியவர் ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்கினால் எப்போது விழிப்பார்? இரண்டரைக்கு. அவருடைய உடல் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்குப் பின் விடியும்வரை இருட்டில் கிடக்கும் மூன்று மணி நேரத்துக்குத்தான் நாம் தூக்கமின்மை என்று பெயர் வைத்து மாத்திரை தேடுகிறோம். என் தாயாரின் விடயத்தில் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆனது.

எவற்றை வைத்து அளப்பது

உலக சுகாதார அமைப்பு 2015ஆம் ஆண்டு அறிக்கையில் ஆரோக்கியமான முதுமையை விளக்கும்போது, நோயில்லாமல் இருப்பதை அளவுகோலாக வைக்கவில்லை. தான் மதிக்கும் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்ளும் செயல்திறனை வைத்தது. தூக்கத்துக்கான வழியையும் நான் அதே கோலால்தான் அளக்கிறேன். இன்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைவிட, நாளைக் காலை அவர் தெளிவாக எழுந்து, படி இறங்கி, அடுப்படிக்குப் போய், பேரப்பிள்ளையோடு பேசி, தன் காலில் நிற்கிறாரா என்பதே முதல் அளவுகோல்.

இரண்டாவது, விழும் ஆபத்து. முதுமையில் இடுப்பெலும்பு ஒருமுறை முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. மூன்றாவது, பலன் எத்தனை காலம் நிற்கிறது. நான்காவது, செலவு, இதில் பாமசிப் பில்லை மட்டும் எண்ணாமல், கிளினிக்குக்கு அழைத்துப் போகும் மகள் இழக்கும் ஒரு நாள் பேரையும் (நாட்கூலியையும்), வீட்டில் யார் கண்விழித்துத் துணையிருப்பது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஐந்தாவது, நம் வீட்டின் அமைப்பு: ஒரே காம்பராவில் நால்வர் படுக்கும் லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கும்), தனி அறையுள்ள வீட்டுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

தேர்வுக்கு முன்: முதலில் காரணம் தேட வேண்டியவர்கள்

சிலருக்கு இந்த ஒப்பீடே வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்களது தூக்கத்தைக் குலைப்பது வேறொரு நோய். உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி எழுந்து, பகலெல்லாம் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுகிறவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கக்கூடும். அவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது மூச்சை மேலும் அமுக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வைத்தால்தான் முடிகிறது என்பவருக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும். மாலையானால் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்பவருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்க வேண்டும். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை புதிய செய்தியல்ல.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுகிறவர் தன் மாத்திரைப் பையை வைத்தியரிடம் காட்டுவது நல்லது. பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ கொடுக்கப்படும் நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் விழுங்குவதால் இரவு கெடுகிறதென்றால், நேரத்தை மாற்றிக் கேட்டாலே போதும். கட்டுப்படாத சீனி வியாதியும் ஆண்களின் புரொஸ்டேட் வீக்கமும் இதே வேலையைச் செய்யும். விடியற்காலை விழித்து, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்குகிறவருக்குத் தேவை மனநல வைத்தியரின் உதவி. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் வழி: தூக்க மாத்திரை

மாத்திரை என்றால் ஒன்றல்ல. டயஸிபாம், குளோனஸிபாம் போன்றவை ஒரு குடும்பம்; சொல்பிடெம் போன்றவை இன்னொன்று; அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் வந்த மருந்து; பிரிட்டோன் என்று நம் சனங்கள் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் ஒவ்வாமைக்கானது, அதன் மயக்கத்தைத்தான் தூக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இவற்றின் வலிமை ஒன்றுதான், அதை மறைப்பது நேர்மையாகாது: அன்றிரவே வேலை செய்யும். ஆனால் எவ்வளவு? 60 வயதைக் கடந்தவர்களிடம் தூக்க மருந்துகளைச் சோதித்த 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 2005இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான கணக்கெடுப்பு மூன்று எண்களைத் தருகிறது. மருந்தால் கூடிய தூக்கம் இரவொன்றுக்குச் சராசரியாக 25 நிமிடம். 13 பேர் மருந்தெடுத்தால் ஒருவரின் தூக்கம் மருந்தின் காரணமாகத் தெளிவாக மேம்படுகிறது. ஆனால் 6 பேர் எடுத்தாலே ஒருவருக்குப் பக்கவிளைவு வந்துவிடுகிறது. நன்மையைவிடத் தீமைக்கு வாய்ப்பு இரண்டு மடங்கு என்பதே இதன் பொருள்.

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்துவரும் பியர்ஸ் பட்டியல், மேற்சொன்ன மருந்துகளை முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவையாகக் குறிப்பிடுகிறது. மயக்கம், தடுமாற்றம், விழுதல், எலும்பு முறிவு, குழப்ப நிலை ஆகியவை அதற்கான காரணங்கள். டயஸிபாம் முதியவரின் உடலிலிருந்து வெளியேறப் பல நாட்கள் பிடிக்கும். நேற்றைய மாத்திரை முழுதும் போகுமுன் இன்றைய மாத்திரை உள்ளே போகிறது, அளவு ஏறிக்கொண்டே வருகிறது. அமிட்ரிப்டிலினும் குளோர்பெனிரமினும் வாய் உலர்வு, மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், ஞாபகக் குழப்பம் ஆகியவற்றைத் தரக்கூடியவை. சொல்பிடெம் வகை மருந்துகளை எடுத்தவர்கள் தூக்கத்திலேயே நடந்து ஆபத்தில் சிக்கியதால், 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அவற்றுக்குத் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

இந்த எச்சரிக்கைகளை லயத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கழிப்பறை பல லயங்களில் வெளியே இருக்கிறது. இஸ்தோப்பை (வாசல் திண்ணையை) தாண்டி, பாசி படிந்த நான்கைந்து கல்படி இறங்கி, பனிமூட்டத்தில் டோர்ச் வெளிச்சத்தில் போய்வர வேண்டும். மாத்திரை எடுக்காத எழுபது வயதுக் காலுக்கே அது கடினமான நடை. நான் என் தாயாருக்கு வைத்தியரின் துண்டு இல்லாமல் ஒரு கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் நன்றாகத் தூங்கினார், எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாவது வாரம் ஓரிரவு இரண்டு மணியளவில் வெளியே போனவர் இரண்டாம் படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கை மாவுக்கட்டில் இருந்த ஆறு வாரமும் அவரால் தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியவில்லை. 25 நிமிடத் தூக்கத்துக்கு அது பெரிய விலை.

ஆனாலும் மாத்திரைக்கே இடமில்லை என்று நான் சொல்லவில்லை. கணவரையோ பிள்ளையையோ பறிகொடுத்த முதல் நாட்களில், மூன்று நான்கு இரவுகள் கண்ணே மூடாத நிலையில், வைத்தியர் பார்த்து, குறைந்த அளவில், இரண்டு வாரம் போல முடிவுத் தேதியோடு எழுதிக் கொடுப்பது நியாயமான உதவி. அப்போதும் மூன்று நிபந்தனைகளை நான் வைப்பேன்: அந்த நாட்களில் இரவுக்கென்று காம்பராவுக்குள்ளேயே ஒரு மூடியுள்ள வாளி இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் படுக்க வேண்டும், சாராயமோ கசிப்போ தொடுகிறவராக இருந்தால் மாத்திரையே கூடாது, ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்.

இரண்டாம் வழி: படுக்கை நேரத்தை மாற்றும் பயிற்சி

அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டல், நீடித்த தூக்கமின்மை உள்ள வயது வந்தோர் எல்லோருக்கும் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது மருந்தை அல்ல, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியை. பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் அதன் நடுநாடி எளியது: படுக்கையில் கிடக்கும் நேரத்தை, உண்மையில் தூங்கும் நேரத்துக்கு அருகில் கொண்டுவருவது. அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 70 வயதைக் கடந்த 79 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தப் பயிற்சியின் சுருக்கமான வடிவத்தைக் கற்பித்தது ஒரு தாதி. இரண்டு நேரடிச் சந்திப்பும் இரண்டு தொலைபேசி அழைப்பும் போதுமானதாக இருந்தன. பெரிய நகரத்து நிபுணர் இல்லாமல் இது முடியாது என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

செய்முறை இப்படி. ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் படுத்த நேரம், ஏறத்தாழத் தூங்கிய நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். வயதானவருக்கு எழுத முடியாவிட்டால் காலையில் கேட்டு நீங்கள் குறியுங்கள். என் தாயார் ஏழரை முதல் ஐந்து மணிவரை ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் இருந்தார். தூங்கியது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே படுக்கைக்கு ஆறரை மணி நேரம் என்று வகுத்தோம். அவருக்குக் காலை நாலரை பிடித்த நேரம். பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) முன் ரொட்டி சுட்டு முடிக்க வேண்டிய பல ஆண்டுப் பழக்கம் அது. எனவே இரவு பத்து மணிக்கு முன் படுக்கையில் சாய்வதில்லை, காலை நாலரைக்குப் பின் கிடப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாகும்போது, வாரத்துக்குக் கால் மணி நேரம் வீதம் படுக்கை நேரத்தைக் கூட்டலாம். எவ்வளவு குறைந்த தூக்கக்காரராக இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. முதியவர்களுக்கு ஆறுக்குக் கீழே நான் போகமாட்டேன். ஒரேயடியாகக் குறைப்பது கடினமென்றால் வாரத்துக்கு அரை மணி நேரமாகப் படுக்கும் நேரத்தைத் தள்ளிக்கொண்டு போகலாம். மெதுவாக வரும், ஆனால் வரும்.

இதன் இரண்டாம் பாதி, விழித்துக் கிடக்கும் இடமாகப் படுக்கையை ஆக்காமல் இருப்பது. இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும் என்பார்கள். ஒரே காம்பராவில் பேரப்பிள்ளைகள் தூங்க, வெளியே குளிரடிக்க, எங்கே எழுந்து போவது? நாங்கள் அடுப்படியில் ஒரு நாற்காலியும் கம்பளியும் வைத்தோம். அதற்கும் இடமில்லாத வீட்டில், படுக்காமல் சுவரில் சாய்ந்து கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாலும் பலன் உண்டு. எதுவானாலும் கரிக்கட்டையை மூடிய காம்பராவுக்குள் கொண்டுவந்து குளிர் காயாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் வாசனையில்லாத நஞ்சு, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். காலுக்குச் சூடு வேண்டுமென்றால் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் இளஞ்சூடான தண்ணீரில் காலை வைத்திருந்து, துடைத்து, மேஸ் (காலுறை) போடுங்கள். படுக்கைக்கு முன்னான வெந்நீர்க் குளியல் தூக்கம் பிடிக்கும் நேரத்தைச் சுமார் பத்து நிமிடம் குறைப்பதாக 2019இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

காலை வெளிச்சம் இந்தப் பயிற்சியின் பாதிச் சக்தி. மூட்டமான நாளிலும் வெளியே உள்ள ஒளி, விளக்கெரியும் காம்பராவின் ஒளியைப்போலப் பல பத்து மடங்கு. விடிந்ததும் வாசலிலாவது அரை மணி நேரம் உட்காருவது கடிகாரத்தை நேர்ப்படுத்தும். ஏழு மணிக்கே கண் சொக்குகிறவர்களுக்கு மாலை வெளிச்சம் இன்னும் முக்கியம். நாலரையிலிருந்து ஆறு மணிவரை அவர்களை வெளியே நடக்கவோ உட்காரவோ வையுங்கள்.

தேத்தண்ணியைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் தூக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. தேயிலையில் உள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்குக் குடித்த கடுஞ்சாயத்தின் பாதி இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. என் தாயாரிடம் தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்து, பகல் பன்னிரண்டுக்கு முன் எத்தனை வேண்டுமானாலும், அதற்குப் பின் கொத்தமல்லித் தண்ணி என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதே கணக்கில் வரும். நிக்கொட்டின் விழிக்க வைக்கும் பொருள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னான அந்தக் கடைசி வாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறைந்த செலவு இங்கும் உண்டு, அதை முன்னமே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் நிலைமை மோசமாகும். பகலில் அசதியும் எரிச்சலும் வரும். அந்த நாட்களில் விறகு வெட்டுவதும் சரிவில் தனியே இறங்குவதும் கூடாது. வலிப்பு நோய், அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் ஆகியவை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒன்று: ஏழரை முதல் பத்து மணிவரை அவரோடு யார் இருப்பது? நாள் முழுதும் மலையில் நின்றுவிட்டு வரும் மருமகள் எட்டரைக்கே சாய வேண்டியவள். எங்கள் வீட்டில் பேரன் பாடம் படிக்கும் இடத்துக்கு அம்மாவை மாற்றினோம்; அவன் உரக்க வாசிப்பான், அவர் கேட்டுக்கொண்டே துணி மடிப்பார். ஆளில்லாத வீட்டில் இந்த வழி தோற்பது முதியவரின் மனவுறுதிக் குறைவால் அல்ல, இருட்டில் தனியே கண்விழித்திருக்க யாராலும் முடியாது என்பதால்.

பலன் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, சராசரி 65 வயதுள்ள 78 பேரைப் பயிற்சி, மாத்திரை, இரண்டும் சேர்ந்தது, வெற்று மாத்திரை என நான்காகப் பிரித்துப் பார்த்தது. தொடக்கத்தில் மூன்று சிகிச்சைகளும் பலன் தந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, பயிற்சி மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம் நிலைத்திருந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுடையது கரைந்துபோயிருந்தது.

மூன்றாம் வழி: பகலில் தூங்கி ஈடுகட்டுதல்

இது செலவில்லாதது, இயல்பானது, அதனாலேயே ஏமாற்றக்கூடியது. தூக்கத்துக்கான பசி விழித்திருக்கும் நேரத்தில்தான் சேர்கிறது. மாலை நான்கு மணிக்கு ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்தவர், சாப்பாட்டுக்கு முன் பலகாரம் தின்றவரைப்போல இரவுக்குப் பசியில்லாமல் படுக்கிறார். ஆனால் மூன்று மணிக்கு முன், அலாரம் வைத்து, அரை மணி நேரத்துக்குள் முடியும் தூக்கம் வேறு: அது பகலைத் தெளிவாக்குகிறது, இரவை அதிகம் தொடுவதில்லை. நாட்பட்ட நோயுள்ளவருக்கும், 80 வயதைத் தாண்டியவருக்கும், பயிற்சியின் முதல் வாரங்களில் தள்ளாடுகிறவருக்கும் அதை மறுப்பது கொடுமை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு தூங்காதவர் புதிதாகப் பகலில் நீண்ட நேரம் தூங்கத் தொடங்கினால், அதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள். 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நீண்ட பகல் தூக்கமும் அல்சைமர் நோயும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதைக் காட்டியது; பகல் தூக்கம் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம், புதிய மருந்தொன்றின் மயக்கமாகவும் இருக்கலாம்.

நான்காம் வழி: வீட்டு மருந்தும் மெலடோனினும்

பாலில் சிட்டிகை ஜாதிக்காய், உச்சியில் நல்லெண்ணெய் என்று நம் வீடுகளில் இருப்பவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அவற்றின் அமைதியும், யாரோ ஒருவர் தலையைத் தொட்டுத் தேய்த்துவிடும் அன்பும் மெய்யானவை. ஆகவே நான் அவற்றைத் தடுப்பதில்லை. ஜாதிக்காய் மட்டும் சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. தேக்கரண்டிக் கணக்கில் போனால் நஞ்சாகி, நெஞ்சுப் படபடப்பும் புத்திக் குழப்பமும் தரும். படுக்கும் நேரத்தில் பெரிய டம்ளர் பால் குடித்தால் அதற்காகவும் ஒருமுறை வெளியே எழ வேண்டிவரும்.

மெலடோனின் இருட்டில் மூளை சுரக்கும் பொருள். வயதாக ஆகச் சுரப்பு குறையும். 55 வயதைக் கடந்தவர்களுக்கென 2 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் வடிவத்துக்கு 2007இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஆய்வுகளைத் தொகுத்த 2013 கணக்கின்படி, அது தூக்கம் பிடிக்கும் நேரத்தைக் குறைத்தது ஏழு நிமிடமே. மற்ற மாத்திரைகளைவிட ஆபத்துக் குறைவு, பலனும் குறைவு. மாதாமாதம் கைக்காசு கொடுத்து வாங்குவதற்கு என் கணக்கில் அது தகுதியானதல்ல.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | இன்றிரவு | மூன்று மாதம் கழித்து | சுமை யாருக்கு |
|---|---|---|---|
| தூக்க மாத்திரை | பலன் உடனே, அளவில் சிறிது | பலன் தேயும், விடுவது கடினம், விழும் ஆபத்து நீடிக்கும் | முதியவரின் உடலுக்கு |
| படுக்கை நேரப் பயிற்சி | முதலில் மோசமாகும் | பலன் நிலைக்கும் | மாலையில் துணையிருக்கும் வீட்டாருக்கு |
| குறுகிய பகல் தூக்கம் | இரவில் மாற்றமில்லை, பகலில் தெளிவு | அளவு மீறாதவரை அதேபடி | எழுப்பிவிடும் ஒருவருக்கு |
| வீட்டு மருந்து, மெலடோனின் | சிறு ஆறுதல் | அதே சிறு ஆறுதல் | மெலடோனின் என்றால் பணப்பைக்கு |

நடமாட்டமும் தெளிவும் உள்ள, வீட்டில் ஆள் துணையுள்ள முதியவருக்கு நான் தயக்கமில்லாமல் சொல்வது இரண்டாம் வழியை, பகலில் இருபது நிமிடத்தோடு சேர்த்து. மறதிநோய் முற்றியவருக்குப் படுக்கை நேரத்தைக் கறாராகக் குறைப்பது பொருந்தாது. அவருக்குக் காலை வெளிச்சம், பகல் நடமாட்டம், மாறாத நேர ஒழுங்கு ஆகியவையே போதும். தனியே வாழும், மூட்டு வலியால் புரளும் ஒருவருக்கு முதலில் வேண்டியது வலிக்கு வைத்தியம். புது இழப்பில் இருப்பவருக்கு வைத்தியர் தரும் குறுகிய கால மாத்திரை.

ஏற்கெனவே பல ஆண்டுகளாக மாத்திரை எடுப்பவர்

இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையைப் பறித்துவிடாதீர்கள். பல மாதம் எடுத்த டயஸிபாம் வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் பதற்றமும், சிலருக்கு வலிப்பும் வரலாம். வைத்தியரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில், சிறு சிறு அளவாகக் குறைக்க வேண்டும். அதோடு படுக்கை நேரப் பயிற்சியையும் தொடங்கினால் குறைப்பது எளிதாகும். கனடாவின் கியூபெக்கில் 65 வயதைக் கடந்த சுமார் 300 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆபத்துகளையும் குறைக்கும் முறையையும் எளிய மொழியில் விளக்கிய ஒரு கையேட்டைத் தந்ததே போதுமாக இருந்தது: ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் மாத்திரையை விட்டார்கள்; கையேடு பெறாதவர்களில் விட்டவர்கள் 5 சதவீதம். விளக்கிச் சொன்னால் வயதானவர்களுக்குப் புரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நம் கிளினிக்குகளில் அந்த விளக்கம் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மூன்று பொருட்களை எடுத்துச் செல்லுங்கள். ஒரு வாரத் தூக்கக் கணக்கு எழுதிய கொப்பி. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளும், பாமசியில் தானாக வாங்கியவையும் பக்கத்து வீட்டார் கொடுத்தவையும் உட்பட, ஒரே பையில். இரவில் எத்தனை முறை வெளியே எழுகிறார், கடந்த ஓராண்டில் எத்தனை முறை தடுமாறினார் என்று எழுதிய துண்டு. என் தாயாரின் கொப்பியின் முதல் பக்கத்தில் இன்றும் இருக்கிறது: படுத்தது 7.30, தூங்கியது 8.00, விழித்தது 2.20, எழுந்தது 5.00. அதைப் புரட்டிப் பார்த்த தாதி கேட்ட முதல் கேள்வி, ஏழரைக்கு ஏன் படுக்கிறீர்கள் அம்மா என்பதுதான். அம்மா, வேறென்ன செய்ய மகள், குளிருதே என்றார்.